தொண்டைமான் இளந்திரையன்

தொண்டை நாட்டிற் பிறந்த நம்மிற் பலர், பண்டு காஞ்சியிலிருந்து அந்நாட்டைப் புரந்த இளந்திரையனைப் பெயரளவிலேயே அறிவர். சங்க காலத்தவனாகிய அவன் வாழ்ந்த மாளிகை இன்றில்லை, புகழோ அழிந்திலது. அப்புகழ் எதன்மேல் நிற்கின்றது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

அவன் பிறப்பைப் பற்றிப் பல நூற்றாண்டு பிற்பட்ட உரையாசிரியராகிய நச்சினார்க்கினியர் ஒரு கதை கூறுகின்றார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியே நாகலோகம் புக்கு நாககன்னியை மணந்தான். பிறக்கும் மகனைத் தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக என்றும், அவன் கரையேறின் நாடாட்சி அளிப்பேன் என்றும் சொல்லி மீண்டான். அவ்வாறே விடப்பட்ட மகவைத் திரை கொணர்ந்தமையின் திரையன் எனப் பெயர் வந்ததாம். நைல் நதிக்கரையில் நாணற்பெட்டியில் வைக்கப்பட்ட மோசேயின் வரலாறு இதனைப் படிப்போர் நெஞ்சில் தோன்றாதிராது. இளமையில் இக்கதையை முற்றும் நம்பியிருந்த யான், இன்று அதனை வரலாறெனத் துணியேன். ஆயினும், ஒருவனை மக்கள் எத்துணை வியந்தனர் என்பதற்கு அது சான்றாம்.

வியப்பிற்குரிய காரணத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை காட்டும். 500 அடிகளையுடைய அந்நூலை, உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டுடன் பதிப்பித்தார். இளந்திரையனது நாட்டில் வழிப்பறி செய்வார் இலர் என்றும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் சுங்கப் பெருவழிகளை வில்வீரர் காத்தனர் என்றும் அப்புலவர் பாடினார். வறிய பாணன் அஞ்சாது நெடுவழி நடந்து காஞ்சியை அடைந்து, பொற்றாமரையும் தேரும் பெற்று மீளலாம் என்பது அவர் காட்டும் ஆட்சி.

அரசன் தானும் புலவனே. அவன் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 185-ஆம் பாட்டு, உலகியலை ஒரு வண்டியாக்கி, செலுத்துவோன் வல்லவனாயின் அஃது இனிது செல்லும் என்றும், அல்லனாயின் பகையென்னும் சேற்றில் அழுந்தித் துன்பம் பல தரும் என்றும் உரைக்கின்றது. ஒருகால் எம்மூர் ஏரிக்கரையில் நெல்வண்டி சேற்றிற் பதிய, காளைகளை அடித்த வண்டிக்காரனை என் பாட்டனார் தடுத்து, வழியறியாது ஓட்டிய அவனையே கடிந்தார் எனக் கேட்டிருக்கின்றேன். இப்பாட்டைக் கற்ற நாளில் அச்செய்தியே என் நினைவுக்கு வந்தது. தன் குடியின்மேற் பழி போடாது தன்மேலேயே பொறுப்பை ஏற்ற மன்னன் எத்துணை அரியன்!

எம்மூராகிய உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. குடவோலையால் ஊர்வாரியத்திற்கு உரியாரைத் தெரிந்தெடுக்கும் முறையையும், கணக்குக் காட்டாதவரை விலக்கும் விதியையும் அவை விரித்துரைக்கும். வண்டியைச் செலுத்துவோன் தகுதி பற்றி அரசன் கொண்ட கவலையை, அவனுக்குப் பல நூற்றாண்டுகட்குப் பின் ஓர் ஊரவை கல்லில் விதியாக வகுத்தது எனலாம்.

இன்று குடவோலையின் வழித்தோன்றலாகிய வாக்குச் சீட்டு நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. திரை தந்த மகன் என்னும் கதையை ஒருவர் நம்பலாம், நம்பாதொழியலாம். அவன் விடுத்த எச்சரிக்கையை மறத்தல் நமக்கே கேடாம்.