சான்டியாகோ ரமோன் இ கஹால்

சான்டியாகோ ரமோன் இ கஹால் (மே 1, 1852 – அக்டோபர் 17, 1934) ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் திசுவியல் அறிஞரும் ஆவார். மூளையும் நரம்புகளும் தனித்தனி உயிரணுக்களால் ஆனவை என்பதற்கு நுண்ணோக்கி வழியாக உறுதியான சான்றுகளை அளித்தவர் இவரே. நரம்பணுக்கள் அமைக்கும் சுற்றுக்களையும் அவற்றில் துடிப்புகள் செல்லும் திசையையும் விளக்கினார். கற்றலின்போது நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறுகின்றன என்னும் கருத்தையும் முன்வைத்தார். 1906 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவருக்கும் இத்தாலியரான கமில்லோ கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இளமை

கஹால் வட ஸ்பெயினில் உள்ள பெட்டில்லா தே அரகோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்பானிய வழக்கப்படி தந்தையின் குடும்பப் பெயரான ரமோன், தாயின் குடும்பப் பெயரான கஹால் ஆகிய இரண்டும் இவருக்கு அமைந்தன. இடையில் வரும் "இ" தமிழின் "உம்" என்னும் இடைச்சொல்லுக்கு ஒப்பானது.

சிறுவயதில் அடங்காத பிள்ளையாக இருந்தார். தாமே செய்த பீரங்கியால் அண்டை வீட்டாரின் வாயிற்கதவைச் சிதைத்ததற்காக 11 வயதில் சிறையில் வைக்கப்பட்டார். ஓவியராக வேண்டும் என்பதே இவரது விருப்பம். அறுவை மருத்துவரான தந்தை அதை ஏற்கவில்லை; மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழக அனுப்பினார். 1868 இல் தந்தை இவரை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, கிடைத்த எலும்புகளைக் கொண்டு உடற்கூற்றியல் கற்பித்தார். அவற்றை வரையத் தொடங்கிய கஹாலுக்கு மருத்துவத்தில் நாட்டம் உண்டாயிற்று.

1873 இல் சாரகோசா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இராணுவ மருத்துவராக, அப்போது ஸ்பெயினின் குடியேற்ற நாடாக இருந்த கியூபாவுக்கு 1874 இல் அனுப்பப்பட்டார். அங்கு மலேரியாவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நாடு திரும்பினார். இராணுவப் பணியில் சேமித்த பணத்தைக் கொண்டு தமது முதல் நுண்ணோக்கியை வாங்கினார்.

கோல்ஜியின் சாயமேற்றும் முறை

நரம்புத் திசு மிக நெருக்கமான பின்னலாக இருப்பதால், அதில் ஓர் இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கண்டறிவது கடினமாக இருந்தது. 1873 இல் கோல்ஜி இதற்கு ஒரு வழி கண்டார். திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பதப்படுத்தி, பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், ஒரு சில உயிரணுக்கள் மட்டும் தம் கிளைகளுடன் முழுமையாகக் கறுப்பாகத் தெரியும். எல்லா உயிரணுக்களும் கறுத்துவிட்டால் எதையும் பிரித்தறிய இயலாது. சில மட்டுமே கறுப்பதுதான் இம்முறையின் சிறப்பாகும்.

1887 இல் மதுரித் நகரில் மருத்துவர் லூயிஸ் சிமாரோ இம்முறையில் அமைந்த மாதிரிகளைக் கஹாலுக்குக் காட்டினார். அதே ஆண்டு பார்சிலோனாவில் பேராசிரியரான கஹால் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். சாயமேற்றுதலை இருமுறை செய்தார். முதிர்ந்த மூளைக்குப் பதிலாகக் கருக்களையும் இளங்குஞ்சுகளையும் தெரிவு செய்தார். இழைகளைச் சுற்றிக் கொழுப்புறை உருவாகாத அந்நிலையில் அவை நன்றாகச் சாயம் ஏற்றன.

வலையா, தனி உயிரணுக்களா?

நரம்பு மண்டலம் இடையறாத ஒரே வலை என்பதே அக்காலத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கொள்கை. கோல்ஜியும் அதையே நம்பினார். வில்ஹெல்ம் ஹிஸ், ஆகஸ்ட் ஃபோரெல் ஆகியோர் இதை ஐயுற்றிருந்தனர். பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்த கஹால், ஆக்சான் எனப்படும் நீண்ட இழைகள் பிற உயிரணுக்களை நெருங்கிச் சூழ்ந்து முடிவதையும் அவற்றுடன் கலந்துவிடாததையும் கண்டார்.

இம்முடிவுகளை வெளியிடத் தம் சொந்தச் செலவில் 1888 இல் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். ஸ்பானிய மொழி அறிந்த திசுவியலாளர் பிற நாடுகளில் அரிது என்பதால் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. எனவே 1889 இல் பெர்லினில் நடந்த ஜெர்மன் உடற்கூற்றியல் கழகக் கூட்டத்துக்குத் தம் மாதிரிகளை எடுத்துச் சென்றார். அவற்றைப் பார்வையிட்ட முதுபெரும் அறிஞர் ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர் கஹாலின் ஆதரவாளரானார். 1891 இல் வில்ஹெல்ம் வால்டேயர் இந்த உயிரணுவுக்கு நியூரோன் எனப் பெயரிட்டார்.

மூளைச் சுற்றுக்கள்

விழித்திரை, மோப்பக் குமிழ் முதலிய புலனுறுப்புப் பகுதிகளில் டென்ட்ரைட் எனப்படும் குறுங்கிளைகள் தூண்டல் வரும் பக்கத்தையும், ஆக்சான்கள் மூளையின் பக்கத்தையும் நோக்கி அமைந்திருப்பதைக் கஹால் கவனித்தார். இதிலிருந்து, துடிப்பு டென்ட்ரைட்டில் நுழைந்து ஆக்சான் வழியே வெளியேறுகிறது என்னும் விதியை வகுத்தார். அசைவற்ற இறந்த திசுவிலிருந்து உயிருள்ள மூளையின் போக்கை உய்த்துணர்ந்தது இவரது பெரும் சாதனையாகும். இவரது படங்களில் துடிப்பின் திசை அம்புக்குறிகளால் காட்டப்பட்டுள்ளது.

இணைப்புகளின் மாறுதன்மை

மூளை ஒரே வலையாயின் கற்றல் எங்கே பதிகிறது என்பதை விளக்குவது கடினம். தனித்தனி உயிரணுக்கள் என்றால், அவை நெருங்கும் இடங்களில் மாற்றம் நிகழலாம். 1894 இல் இலண்டன் அரச கழகத்தில் ஆற்றிய உரையில் கஹால் இதைக் கூறினார். மனப்பயிற்சியால் உயிரணுக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. கிளைகள் வளர்ந்து இணைப்புகள் பெருகுகின்றன என்பது இவரது கருத்து. அந்த இணைப்புக்குச் சினாப்ஸ் என்னும் பெயர் 1897 இல்தான் வழக்குக்கு வந்தது.

டென்ட்ரைட்டுகளின் மேல் முட்கள் போன்ற சிறு புடைப்புகள் இருப்பதையும் 1888 இல் இவர் கண்டறிந்தார். அவை வெள்ளிப் படிவால் தோன்றும் பொய்த்தோற்றம் எனப் பலர் கூறினர். 1896 இல் மெத்திலீன் நீலம் என்னும் வேறொரு சாயத்தைக் கொண்டு அவை உண்மையானவை என நிறுவினார். கற்றலின்போது இம்முட்கள் தோன்றவும் மறையவும் வடிவம் மாறவும் கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

எனினும், 1913–1914 இல் வெளியான நரம்புச் சிதைவு பற்றிய நூலில், வளர்ந்தோரின் மூளையிலும் தண்டுவடத்திலும் அறுபட்ட பாதைகள் மீள வளர்வதில்லை எனக் கடுமையான முடிவை எழுதினார். அதை மாற்றுவதை எதிர்கால அறிவியலின் கடமையாக விட்டுச் சென்றார். இவ்விரு கருத்துகளும் முரண்பட்டவை அல்ல: ஒன்று நுண்ணிய இணைப்புகளைப் பற்றியது, மற்றொன்று அறுபட்ட நெடும்பாதைகளைப் பற்றியது.

நோபல் பரிசு

மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது 1906 இல்தான் முதன்முறையாகும். ஸ்டாக்ஹோமில் கோல்ஜி தமது ஏற்புரையில் நியூரோன் கொள்கையைத் தாக்கிப் பேசினார். மறுநாள் உரையாற்றிய கஹால், கோல்ஜியின் முறையாலேயே தாம் கண்ட சான்றுகளைக் கொண்டு அக்கொள்கையை நிலைநாட்டினார்.

மறைவும் தாக்கமும்

1922 இல் பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கஹால், 1934 இல் மதுரித்தில் காலமானார். சினாப்ஸில் இரு உயிரணுக்களுக்கு இடையே இடைவெளி இருப்பதை 1950களில் மின்னணு நுண்ணோக்கி காட்டியது. சில இடங்களில் உயிரணுக்கள் நுண்குழல்களால் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னர் அறியப்பட்டது. 1973 இல் டிமதி பிளிஸ், டெர்யே லோமோ ஆகியோர், முயலின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் தொடர் தூண்டலுக்குப் பின் சினாப்ஸ்கள் நெடுநேரம் வலுப்பெற்றிருப்பதை அளந்து வெளியிட்டனர். கஹால் 1894 இல் ஊகித்த மாற்றம் இவ்வாறு ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடிய ஒன்றாயிற்று. கஹாலின் ஆவணங்கள் 2017 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.