ஹாரியட் மார்ட்டினோ அம்மையார்

பொருளாதாரம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நம் மாணவருட் பலர் முகஞ் சுளிப்பது யாவரும் அறிந்ததே. விலையேற்றம், கூலிப் பூசல், வரி, வாணிகம் ஆகியவற்றைச் செய்தித்தாளிற் படிக்குங்கால் அவை சுவை பயக்கின்றன. அவையே பாடநூலுட் புகுந்தவுடன் கசக்கின்றன. இக்கசப்பை நீக்குதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன்னரே ஒரு வழி கண்டவர் ஆங்கில நாட்டு ஹாரியட் மார்ட்டினோ அம்மையார். அவரது வரலாற்றை யாம் அறிந்த அளவிற் சுருங்க உரைப்பாம்.

இவ்வம்மையார் 1802-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12-ஆம் நாள் நார்விச் நகரில், துணி நெய்விக்குந் தொழில் நடாத்திய ஒருவர்க்கு மக்கள் எண்மருள் ஆறாமவராகப் பிறந்தார். இளமையிலேயே செவிப்புலன் குறையத் தொடங்கிற்று. இருபது ஆண்டு நிரம்புமுன் கேள்வி பெரிதும் போயிற்று. திருவள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்துச் சிறப்பித்த கேள்விச் செல்வத்தை இழந்தும் இவர் சோர்ந்திலர். ஊதுகுழல் போன்றதொரு கருவியைச் செவியிற் பொருத்தி, கற்றாரோடு வாழ்நாள் முழுதும் அளவளாவினார்.

பொருளாதாரம் இவர்க்கு ஏட்டினின்று வந்த கல்வியன்று. இல்லத்துள் நுழைந்த துன்பமாகவே வந்தது. 1825-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நேர்ந்த பணநெருக்கடியால் தந்தையாரின் வாணிகம் தளர்ந்தது. அடுத்த ஆண்டில் அவர் மறைந்தார். 1829-இல் வாணிகம் அடியோடு முறிந்தது. அம்மையார் பகலில் ஊசித் தையலாற் பொருளீட்டி, இரவில் எழுதலானார். இயந்திரங்களைத் தொழிலாளர் உடைத்த கலகங்களைப் பற்றி இதற்கு முன்னரே, 1827-இல், ஒரு சிறு கதை வரைந்திருந்தார். அதன் பின்னரே, ஜேன் மார்செட் அம்மையார் இளைஞர்க்கென எழுதிய பொருளாதார உரையாடல் நூல் அவர் கைக்கு எட்டியது. தாம் அறியாமலே கதையிற் புகட்டியது பொருளாதாரமே என்பதை அந்நூலால் உணர்ந்து வியந்தார். அவ்வியப்பே அவரது வாழ்க்கைப் பணிக்கு வித்தாயிற்று.

திங்கட்கு ஒரு கதையாக இருபத்தைந்து பகுதிகளிற் பொருளாதாரக் கொள்கைகளை விளக்க அவர் எண்ணினார். 1831-ஆம் ஆண்டின் இறுதியிற் பதிப்பாளர் பலரை நாடியும் பயனில்லை. நாடெங்கும் பாராளுமன்றச் சீர்திருத்தக் கிளர்ச்சியும் வாந்திபேதி அச்சமும் நிறைந்திருக்க, இத்தகைய நூலை எவர் படிப்பர் என்று அவர்கள் தயங்கினர். நாடு கலங்கிய காலமாதலின் மக்கட்கு இந்நூல் இன்றியமையாதது என்று அம்மையார் துணிந்தார். அறிஞர் ஜேம்ஸ் மில்லுங்கூடக் கதை வடிவம் இப்பொருட்கு ஏலாது எனக் கருதினார். முடிவில் சார்லஸ் பாக்ஸ் என்னும் பதிப்பாளர், 500 படிகட்கு முன்கையொப்பம் சேர்த்தல் வேண்டும் என்பது முதலிய கடிய நிபந்தனைகளோடு இசைந்தார்.

1832-ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதற்பகுதி வெளிவந்தது. சில நாட்களில் அப்பதிப்பாளரிடமிருந்து வந்த கடிதம் மேலும் 2,000 படிகள் அச்சிட வேண்டுமென்றது. அதன் கீழேயே எழுதிய பின்குறிப்புக்கள் அத்தொகையை 3,000 என்றும், 4,000 என்றும், 5,000 என்றும் உயர்த்தின! இளவரசியாராக இருந்த விக்டோரியாவும் அக்கதைகளை விரும்பிக் கற்றார். 

அம்மையார் கைக்கொண்ட முறை எளியது. நாட்டோர் வாதிடும் நிகழ்ச்சி ஒன்றை எடுப்பார். அதில் இன்புற்றும் துன்புற்றும் உழலும் மாந்தரைக் காட்டுவார். கதை முடிந்த பின்னரே கொள்கைகளைத் தொகுத்துரைப்பார். அடிமை ஒழிப்பைப் பற்றிப் பாராளுமன்றம் வாதிட்ட நாட்களில், டெமராரா நாட்டுத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு, அடிமை முறை அறத்திற்கு மட்டுமன்றி வருவாய்க்குங் கேடு என்று காட்டினார். 1833-இல் வந்த கதையொன்று இலங்கையில் நிகழ்வது. கருவாவும் முத்தும் விளையும் மண்ணில் வாழ்ந்தும், அவ்விரண்டும் தனியுரிமை வாணிகத்திற்கு உட்பட்டமையால் குடிகள் பசித்திருந்த கொடுமையை அது புலப்படுத்தும். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பை அறிந்த நமக்கு அக்கதை அயலதன்று. கருவாத் தனியுரிமை அவ்வாண்டிலேயே நீக்கப்பட்டது.

எனினும், அவர் முறையில் ஒரு குறை இருந்தது என்பதை யாம் மறைத்தல் தகாது. மான்செஸ்டர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய கதையில், தொழிலாளர் தலைவன் நேர்மையும் பொறுமையும் உடையவன். அவனை அம்மையார் உள்ளன்போடு வரைந்துள்ளார். ஆயினும், கூலிக்கென உள்ள தொகை வரையறைப்பட்டது என்னும் கொள்கையை நாட்டுதற்காக வேலைநிறுத்தம் தோற்கிறது; எவரும் வேலை தாராமையால் அத்தலைவன் தெருவில் நீர் தெளித்தும் குப்பை கூட்டியும் பிழைக்கின்றான். அவ்வரையறைக் கொள்கையை, ஜேம்ஸ் மில்லின் மைந்தரான ஜான் ஸ்டூவர்ட் மில்லே 1869-இல் கைவிட்டார். நிகழ்ச்சி கொள்கையைச் சோதிக்கும் உரைகல்லாதற்கு மாறாக, முன்னரே முடிந்த தீர்ப்புக்குச் சான்றாக மட்டும் நின்றமையே அக்குறை. ஆலை இயந்திரங்கட்குக் காப்பு வேலி இடுதலைக் கட்டாயப்படுத்திய சட்டத்தை 1855-இலும் அவர் எதிர்த்து எழுதியது இதன் தொடர்ச்சியே. இயந்திரங்களிற் சிக்கி ஊனமுற்றோரைப் பற்றிய செய்திகள் அக்காலத்து வந்துகொண்டிருந்தும், அவர் தம் கொள்கையை அவற்றால் திருத்திக்கொண்டிலர்.

ஆனால் அவர் நேர்மையில் எவரும் ஐயுறார். 1834 முதல் 1836 வரை அமெரிக்காவிற் சுற்றுப்பயணஞ் செய்து, அடிமைகளின் நிலையை நேரிற் கண்டு, அச்சுறுத்தல்களுக்கிடையே விடுதலைக் கட்சியை வெளிப்படையாக ஆதரித்தார். அரசாங்க உதவிச் சம்பளம் அளிக்க முன்வந்தபோது, தம் எழுத்தின் உரிமை குன்றுமென்று மறுத்தார். ஆம்பிள்சைடு என்னும் சிற்றூரில் வாழ்ந்தகாலை உழைப்பாளர்க்கு விரிவுரை நிகழ்த்தினார். 1852 முதல் 1866 வரை டெய்லி நியூஸ் இதழில் 1,600-க்கு மேற்பட்ட தலையங்கங்கள் எழுதினார். 1876-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அன்பர்காள்! நம்மிற் பலர் நாளைப் பள்ளியாசிரியர் ஆதல் கூடும். வெங்காய விலை ஏறிய செய்தியையோ, ஓர் ஆலை மூடப்பட்ட செய்தியையோ கையிலேந்தி வகுப்பினுட் புகுவோமாயின், சிறார் விழித்தெழுந்து கேட்பர் என்பதை அம்மையார் வாழ்வு மெய்ப்பிக்கின்றது. ஆனால் விடையை முன்னரே மனத்துட் கொண்டு செல்லாதிருப்போமாக. விலை ஏறியதால் விற்றவன் பெற்றது யாது, விளைத்தவன் பெற்றது யாது, வாங்கியவள் இழந்தது யாது என அவர்களே வினவட்டும். பாடநூல் சொல்வதற்கும் செய்தி காட்டுவதற்கும் மாறுபாடு தோன்றின், அதையும் அவர்களே எடுத்துரைக்கட்டும். அம்மையார் திறந்த வாயிலில் அவரினும் ஓரடி முன் செல்லுதலே அவர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.