கவியரசர் தாகூரும் அவர் மறவாத பாதிரியாரும்

நம் பாரூர், ஓசூர்ப் பக்கத்து அன்பர்களுக்குப் பெங்களூர் அயலூரன்று. அந்நகரில் 1928ஆம் ஆண்டு தங்கி ஒரு நாவலை எழுதி முடித்தவர் கவியரசர் இரவீந்திரநாத தாகூர். 1913இல் நோபெல் பரிசு பெற்ற அப்பெரியார் இளமையில் எப்பள்ளியிலும் நிலைத்துப் படித்தவரல்லர். நம் இல்லத்துச் சிறுவர் இதைக் கேட்டு மகிழக்கூடும்; பெற்றோர் அஞ்ச வேண்டா, முழுவதும் கேட்பாராக.

அவர் 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவில் செல்வக்குடியிற் பிறந்தார். வீட்டில் கவியும் இசையும் நிறைந்திருந்தன. பள்ளியோ சிறையாகத் தோன்றிற்று. பள்ளிகள் பல மாறியபின், சேசு சபைக் குருமார் 1860இல் நிறுவிய சவேரியார் கல்லூரியில் 1875ஆம் ஆண்டளவிற் சேர்க்கப்பெற்றார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், லபோன் பாதிரியாரிடம் பௌதிகம் பயின்று சிறந்தது இக்கல்லூரியிலேதான். தாகூருக்கோ இங்கும் பாடம் இயந்திரம் போலவே நடப்பதாகப் பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் தாயாரையும் இழந்தார். பதினான்கு வயதும் அப்போது நிரம்பவில்லை.

அக்காலத்தில், டி பெனரந்தா என்னும் பாதிரியார் வேறோர் ஆசிரியர்க்குப் பதிலாகச் சிலநாள் வகுப்புக்கு வந்தார். ஸ்பானிய மரபினர். ஆங்கிலம் அவர் நாவில் எளிதில் ஓடாது; ஆதலின் பிள்ளைகள் அவரைப் பொருட்படுத்தவில்லை. அதனையும் அவர் பொறுத்திருந்தார். எழுத்துப் பயிற்சிக்கென அரைமணி நேரம் உண்டு. ஒருநாள் தாகூர் எழுதுகோலை ஏந்தியபடியே, மனம் எங்கோ செல்ல, வாளா இருந்தார். வரிசைதோறும் உலாவி வந்த பாதிரியார் அவர் பின்னே நின்று, குனிந்து, தோள்மேல் மெல்லக் கைவைத்து, உடல் நலமில்லையோ என்று பரிவோடு வினவினார். அவ்வளவே.

இஃதென்ன பெரிது என்பாரும் உளர். ஏன் எழுதவில்லை என்று அதட்டுவது எவர்க்கும் எளிது. இவரோ தாளை விட்டுப் பிள்ளையைப் பார்த்தார். ஏறக்குறைய ஐம்பதாம் வயதில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதிய கவியரசர், அக்கல்லூரி ஆசிரியருள் இவரையே நெஞ்சாரப் போற்றினார்.

அக்கை அவரைப் பள்ளியில் நிறுத்திவிட்டது என்றால் பொய்யாகும். சிலகாலத்தில் கல்லூரியை விட்டார். 1878இல் முதற் கவிதைநூல் வெளிவந்தது. இங்கிலாந்து சென்றும் பட்டமின்றியே மீண்டார்.

பள்ளிக்கு அஞ்சிய அவரே 1901ஆம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனத்தில் ஐந்து மாணவரோடு ஒரு பள்ளி தொடங்கினார். அவர்களுள் ஒருவன் அவர்தம் மகன். உடன் உழைத்த பிரமபாந்தவ உபாத்தியாயர் கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர் என்பது குறிப்பிடத்தக்கது. பொருள்முட்டு நேர்ந்தபோது மனைவியார் மிருணாளினி தம் அணிகளைத் தந்து உதவினார். மறுவருடமே அவர் காலமானார். 1921இல் அவ்விடத்தே விசுவபாரதி எழுந்தது.

மரநிழலே அங்கு வகுப்பறை. மாணவன் ஒருவன் கிளைமீதேறி அமர்ந்து படிப்பதைக் கண்டு, வந்திருந்த தலைமையாசிரியர் ஒருவர் முகஞ்சுளித்ததையும், அப்பிள்ளைக்காகத் தாம் பரிந்துரைத்ததையும் கவியரசர் எழுதிவைத்துள்ளார்.