ஓமந்தூரார்

தென்னாற்காட்டுக் கடற்கரையில் மரக்காணம் என்னும் ஊர் உள்ளது. கழிவழியே வரும் உப்புநீர் பாத்திகளில் தேங்கி, வெயிலில் வற்றி, வெள்ளைக் குவியல்களாக உயரும் இடம் அது. பண்டு அவ்வுப்பைப் பக்கிங்காம் கால்வாயின் வழியே படகுகள் சென்னைக்குச் சுமந்து சென்றன. ஆங்கிலேயர் ஆட்சியில், பாத்தியில் நாளெல்லாம் நின்று உழைத்தவனும் தன் கண்முன் விளைந்த உப்பில் ஒரு பிடியைத் தன் விருப்பம்போல் எடுத்துச் செல்ல இயலாது. அரசாங்கம் அதற்கு வரி விதித்துக் காவலும் வைத்திருந்தது. அவ்வுப்பளங்களுக்கு மேற்கே, திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் முதல் நாளன்று, உழவர் குடியொன்றில் இராமசாமி ரெட்டியார் பிறந்தார். ஊர்ப்பெயரே பின்னாளில் அவர் பெயராயிற்று.

திண்டிவனத்துப் பள்ளியில் பயின்ற அவர் பட்டம் பெற்றவரல்லர். ஏரும் நிலமுமே அவருக்குப் பெரும் பாடமாயின. காந்தியடிகள் நாட்டு மக்களை அழைத்தபோது, வாளும் துப்பாக்கியும் ஏந்தாத அப்பெரும்படையில் அவரும் ஒரு வீரரானார், கதர் உடுத்தினார், சிறை புகுந்தார். படைவீரனுக்குரிய ஒழுங்கும், இட்ட பணியை முடிக்கும் உறுதியும், தனக்கென ஒன்றும் வேண்டாத் தன்மையும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1947ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிரகாசம் பதவி விலகவே, சட்டமன்றக் காங்கிரசுக் கட்சியினர் ஓமந்தூராரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அவர் பதவியை நாடியவரல்லர், தயங்கியே ஏற்றார். மார்ச்சு 23ஆம் நாள் அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அந்நாளில் அப்பதவியினரைப் பிரதமர் என்றே வழங்குவர். தமிழகமேயன்றி, ஆந்திரக் கடற்கரையும், இராயலசீமையும், மலபாரும், தென்கன்னடமும் அடங்கிய பரந்த மாகாணம் அது. அவர் பதவியேற்ற பத்து நாள்களுக்குள், தில்லியில் அமைந்திருந்த இடைக்கால அரசு உப்புவரியை நீக்கியது. அச்செயல் அவருடையதன்று; ஆயினும் உப்பளங்களின் அருகே பிறந்தவரது ஆட்சி அந்நற்செய்தியோடு தொடங்கிற்று.

அவர் ஆண்ட காலம் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். அதற்குள் நிறைவேறிய சட்டங்களோ பல. பன்னெடுங்காலம் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமையை 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வழங்கிற்று. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமும் அவ்வாண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பெற்றது. அரசுப் பணிகளைப் பங்கிடும் முறையைத் திருத்தி, பதினான்கு இடங்களுள் இரண்டைப் பிற்பட்ட வகுப்பினருக்கென்றே தனியே ஒதுக்கினார். 1948ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த பின் வந்த முதற் பிறந்த நாளில், மதுவிலக்கு மாகாணமெங்கும் பரவியது.

எனினும், உழவராகிய அவர் உள்ளத்திற்கு மிக அணுக்கமாய் இருந்தது நிலச் சீர்திருத்தமே எனலாம். 1802ஆம் ஆண்டு கும்பினியார் ஏற்படுத்திய நிரந்தர ஒப்பந்தத்தால், உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் நின்றார். அரசுக்கு அவர் செலுத்தும் தொகை உயராது; குடியானவன் அவருக்குச் செலுத்தும் வாரமோ ஏறிக்கொண்டே இருந்தது. முதலில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாரம் குறைக்கப்பெற்றது. மறு ஆண்டில் ஜமீன் முறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு ஜமீன்தார்கள் விலகினர். நிலங்கள் இரயத்துவாரி முறைக்கு மாறின. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்த ஏற்பாடு இவ்வாறு முடிவுற்றது.

அதே காலத்தில் மாகாணத்தின் வடவெல்லையில் போர்மேகம் சூழ்ந்தது. ஐதராபாத்து நிசாம் இந்தியாவோடு இணைய மறுத்தார். இரசாக்கர் என்னும் ஆயுதக் கூட்டத்தார் ஆங்கே கொடுமை புரிந்தனர். அஞ்சிய மக்கள் எல்லை கடந்து கிருஷ்ணா, கர்நூல் முதலிய மாவட்டங்களுக்கு ஓடிவந்தனர். வந்தோர்க்கு உறையுளும் உணவும் அளிப்பதும், எல்லையூர்களைக் காப்பதும் ஓமந்தூராரின் கடமையாயின. போர்க்களமே காணாத அவ்வுழவர் கலங்காது அப்பொறுப்பைத் தாங்கினார். 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படைகள் ஐதராபாத்துக்குள் புகுந்தன. அவற்றுள் ஒரு பிரிவு, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசயவாடாப் பக்கமிருந்தே புறப்பட்டது. ஐந்து நாள்களில் போர் ஓய்ந்தது.

வெளியே எழுந்த புயலைத் தாங்கியவருக்குக் கட்சிக்குள் எழுந்த சலசலப்பே தடையாயிற்று. அதிகாரிகளை மாற்றுதற்கும், வேண்டியவர்க்கு வேலை தேடித் தருவதற்கும் சட்டமன்ற உறுப்பினர் சிலர் அவரை நாடினர். அவர் எவர் பரிந்துரைக்கும் இணங்கவில்லை. நிருவாகத்தில் உறுப்பினர் தலையிடுதல் முறையன்று என்பது அவர் கொள்கை. சிறிது இன்சொல்லேனும் கூறி அவர்களை அனுப்பியிருக்கலாம். அக்கலை அவருக்கு வாய்க்கவில்லை. மனக்குறை வளர்ந்தது. 1948இல் மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற அவர், அடுத்த ஆண்டில் பெரும்பான்மை ஆதரவை இழந்தார். 1949 ஏப்பிரல் 6ஆம் நாள் குமாரசாமி ராஜா முதலமைச்சரானார். பாரதியாரின் படைப்புகளை நாட்டுக்கு உடைமையாக்கும் முயற்சி ஓமந்தூரார் ஆட்சியின் இறுதி நாள்களில் தொடங்கியதாகும். பாடல்களின் ஒலிபரப்பு உரிமையை வைத்திருந்த ஏ. வி. மெய்யப்பன் பொருள் எதுவும் பெறாமலே அதனை விட்டுக்கொடுத்தார்.

பதவி நீங்கிய பின் அவர் அதனை மீண்டும் நாடவில்லை. இரமண மகரிஷியிடமும் வள்ளலாரிடமும் பேரன்பு பூண்டிருந்த அவர், 1867இல் வள்ளலார் தருமசாலை நிறுவிய வடலூரை அடைந்தார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தைத் தோற்றுவித்து, குருகுலப் பள்ளியையும் வளர்த்தார். அவர் மறைந்த நாள் 1970 ஆகஸ்டு 25.