நாதமும் போதையும்

மேதைகளின் குறைகளை மூடி மறைப்பது ஒரு தவறு. அக்குறைகளையே மேதைமைக்கு ஆபரணமாகப் பூட்டி மகிழ்வது அதனினும் பெரிய தவறு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் இவ்விரண்டாவது தவறு நிகழ்வதை நாம் காண்கிறோம். மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் லய வித்தையை வளர்த்த நம் புதுக்கோட்டையின் ரஸிகர்களும் இதற்கு விலக்கல்லர்.

1898-ஆம் வருஷம் திருமருகலில் பிறந்த பிள்ளையவர்கள், ஆதீன வித்வானாயிருந்த தாய்மாமன் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரமும் பயின்றார். பாட்டின் குழைவு அவர் வாத்தியத்தில் இறங்கியதற்கு இந்த அஸ்திவாரமே காரணம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக்கொண்டு நீண்ட குழலுடைய பாரி நாயனத்தைச் செய்வித்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் சுருதிப்பெட்டியையும் ஏற்றார். அவருடைய தோடி இசைத்தட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. 1940-இல் காளமேகம் படத்தில் கவியாகவும் நடித்தார்.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. மேல்துணியை இடுப்பில் கட்டி, பிரபுக்கள் முன் நின்று வாசித்துவந்த ஒரு சமூகத்தின் கலைஞர், மற்ற வித்வான்களைப்போல் மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டினார். 1947 ஆகஸ்டு 14-இல், சுதந்திரம் பிறந்த வேளையில், ஆதீனத்தாருடன் தில்லி சென்று மங்கள இசை முழக்கினார்.

பிறருக்குத் தலைவணங்காத இம்மனிதர் மதுவுக்கு வணங்கினார். ஏற்ற கச்சேரிகளுக்குக் காலந்தாழ்த்தி வருவதும் சகஜமாயிற்று. பெருமளவில் வந்த பொருள் கையில் தங்கவில்லை. 1956 டிசம்பர் 12-இல் அவர் சென்னையில் காலமானபோது வயது 58-தான். மதுவின் மயக்கமே தோடியைத் தந்ததென்று கூறுவோர் இன்றும் உளர். இளமையில் பகலிரவாய்ச் செய்த சாதகத்தை இவர்கள் மறந்தனர்.

இம்மயக்கம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஸாக்ஸபோன் என்னும் ஊதுவாத்தியத்தில் புகழ்பெற்ற ஸ்டான் கெட்ஸ், 1962 முதல் பிரேஜில் தேசத்துப் போஸா நோவா இசையைத் தழுவி உலகை வசீகரித்தார். இளம்பிராயத்திலேயே அவரை ஹெராயின் பற்றியது. 1954-இல் மருந்துக்கடையொன்றில் கொள்ளைக்கு முயன்று சிறை புகுந்தார். பின்னர் மது பற்றியது. கடைசி ஆண்டுகளில் அவர் அதைக் கைவிட்டார். நாதம் குன்றிற்றா? இல்லை. 1991-இல் புற்றுநோயால் மாள்வதற்குச் சில மாதங்களுக்கு முன்னரும் உள்ளம் உருக வாசித்தார். போதை போயிற்று, வித்தை நின்றது. இதனினும் தெளிவான ருசு வேண்டுமோ?

1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்குச் சட்டம் வந்தது. சட்டம் கடையை மூடலாம். பழக்கத்தின் பிடியைத் தளர்த்த வைத்தியமும் நண்பர்களின் உறுதியும் வேண்டும். வித்வானுக்குக் கிண்ணத்தை நீட்டுவது மரியாதை என்று எண்ணும் அபிமானிகள், தாம் போற்றும் கலைக்கே கேடு செய்கின்றனர். குடி ஒரு நோய். அதைப் பழிப்பதாலும் தீராது, புகழ்வதாலும் தீராது.

பிள்ளையவர்கள் தம் சமூகத்துக்குத் தலைநிமிர்வைத் தந்தார். அவர் வழிவந்த இளைஞர்களுக்கு நீண்ட ஆயுளையும் சேர்த்து வேண்டுவதே அக்கடனுக்கு நாம் செய்யும் கைம்மாறு.