பந்தாட்டக் கழகம் கண்ட வக்கீல்

கெய்ரோ நகரத்து அல்-அஹ்லி கழகம்! கால்பந்து ஆடும் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் அறிந்த பெயர். சென்ற நூற்றாண்டின் தலைசிறந்த ஆப்பிரிக்கக் கழகம் என்று 2000-ல் விருது. கண்டத்தின் சாம்பியன் பட்டம், 2024 வரையில் 12 முறை. கோல் போட்டவர்களின் பெயரைக் கெய்ரோவின் சிறுவர்கள் தலைகீழாக ஒப்புவிப்பர். கழகத்தைக் கண்டவரோ பந்தை உதைத்துப் பேர் வாங்கியவரல்லர், வழக்காடும் வக்கீல்! ஓமர் லுத்பி என்ற அந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

1867-ல் பிறந்தார். பதினைந்து வயதுப் பிள்ளையாக இருக்கையில், 1882-ல், பிரிட்டிஷ் பீரங்கிகள் அலெக்சாந்திரியாவை நொறுக்கின, பட்டாளம் புகுந்தது. அரண்மனையிலே கெதீவ் இருந்தார், பதுமைபோல. ஆண்டவர் குரோமர் பிரபு. கெய்ரோவின் கெசீராத் தீவிலே வெள்ளைப் பட்டாளத்தாருக்கென்று பச்சைப் பசேலென விளையாட்டு மைதானம் அமைந்தது. மண்ணுக்குரியவன் வேலிக்கு வெளியே!

லுத்பி சட்டம் பயின்றார், சட்டக் கல்லூரியிலே ஆசிரியரானார். உயர் கல்லூரி மாணவர்களுக்கென்று 1905-ல் ஒரு மன்றம் எழுந்தபோது அதன் தலைமை அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டுதான் தின்ஷவாய்க் கொடுமை. புறா சுடச் சென்ற வெள்ளை அதிகாரிகளுக்கும் கிராமத்தாருக்கும் கைகலப்பு. வெயிலில் ஓடிய அதிகாரி ஒருவர் மாண்டார். நான்கு உழவர்களுக்குத் தூக்கு! சொந்த ஊரிலே, சுற்றத்தார் கண்ணெதிரே! மாணவர் உள்ளம் எரிமலையாயிற்று. அந்த இளைஞர்கள் கூடவும், உடலை உரமாக்கவும், தமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று கருதினார் லுத்பி.

1907 ஏப்ரல் 24-ல் முதல் கூட்டம். எங்கே கூடினர் தெரியுமா? மிட்செல் இன்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் இல்லத்திலே! முதல் தலைவரும் அவரே. முகம் சுளிக்க வேண்டாம், தோழர்களே! ஆள்பவன் ஒருவனை முன்னிறுத்தாமல் அந்நாளில் நிலமும் கிடைக்காது, அனுமதியும் கிடைக்காது. மறு ஆண்டே தலைமை எகிப்தியரான அசீஸ் இஸ்ஸத் பாஷாவிடம் வந்துவிட்டது. கழகத்துக்கு வைத்த பெயர்தான் பொருள் பொதிந்தது: அஹ்லி என்றால் தேசியம், நாட்டவர்க்குரியது. பின்னாளில் மிஸ்ர் வங்கி கண்ட தலாத் ஹர்ப் தோள் கொடுத்தார். விடுதலைத் தலைவர் ஜக்லூல் பாஷா முதல் பொதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

பணம்? பங்கு ஒன்றுக்கு 5 பவுன். திரட்ட எண்ணியது 5,000, திரண்டது 3,165. ஐந்து பவுன் பங்கை மூட்டை தூக்குபவன் வாங்க முடியுமா? முடியாது. பாஷாக்களும் படித்தவர்களும் தொடங்கிய கழகம் அது, மறைப்பானேன்? உழைப்பாளி பின்னால் வந்தான், கால்பந்து அழைத்துவந்தது.

ஆனால் லுத்பி உழைப்பாளியை மறந்தவரல்லர். கழகம் பிறந்த அதே 1907-ல் எகிப்திலே பண நெருக்கடி. பருத்தி விளைவித்தவன் வட்டிக்காரன் வாயிலே விழுந்தான். வட்டிக்கு ஈடு நிலம், நிலம் போனபின் கூலி வேலை. 1908-ல் இத்தாலி சென்றார் லுத்பி. அங்கே ஏழை உழவர்கள் சிறு பங்கு போட்டு, ஒருவருக்கொருவர் பிணை நின்று, தாமே கடன் கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவுச் சங்கங்களைக் கண்டார். திரும்பியதும் ஊர் ஊராகப் பேசினார், எழுதினார். 1910-ல் தாந்தாவுக்கு அருகே ஷுப்ரா அல்-நம்லா என்ற சிற்றூரில் முதல் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. எகிப்தின் கூட்டுறவுத் தந்தை என்று அவரை நாடு அழைப்பது இதனால்தான். சர்க்கார் கூட்டுறவுக்கென்று சட்டம் செய்தது 1923-ல். சாவகாசமாக!

அதுவரை காத்திருக்க அவருக்கு ஆயுள் இல்லை. 1911-ல், நாற்பத்து நான்காம் வயதிலே மறைந்தார். 1919-ல் ஜக்லூலை மால்டாவுக்கு நாடு கடத்தியபோது எகிப்து கொதித்தெழுந்ததையும் அவர் காணவில்லை. இங்கிலீஷ்காரர் இல்லத்திலே பிறந்த அவருடைய கழகம், 1925-ல், இனி எகிப்தியர் மட்டுமே உறுப்பினர் என்று விதி செய்தது.