காற்றைச் சேமிக்க நினைத்த ஹால்டேன்

எங்கள் மணப்பட்டுச் சவுக்குத் தோப்பில் ஒருநாள் காற்று ஊளையிடும். மறுநாள் இலைகூட அசையாது. இந்தக் காற்றை நம்பி ஒரு நாடு விளக்கேற்ற முடியுமா? முடியும் என்று எண்ணியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.

இவர் 1892-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். சுரங்க வாயுக்களை ஆராய்ந்த தந்தை, மகனைச் சிறுவயதிலேயே நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் அழைத்துச் சென்றார். அந்த நிலக்கரி தீர்ந்துபோனால் தீவு நாடான பிரிட்டன் என்ன செய்யும்? 1923-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் இதற்கு வழி கூறினார். காற்று பலமாக வீசும்போது காற்றாலைகளில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரைப் பிரிக்க வேண்டும். கிடைக்கும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் திரவமாக்கி, நிலத்தடித் தொட்டிகளில் வைக்க வேண்டும். காற்று ஓய்ந்ததும் இரண்டையும் சேர்த்து மின்சாரம் பெறலாம். இது நடக்க நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்று நினைத்தார். அவ்வளவு காலம் ஆகவில்லை! ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் 2017-லேயே கடல் நீரோட்ட மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரித்துவிட்டார்கள்.

நீர்மூழ்கி வீரர்களைக் காக்கும் வழி தேடி, அடைத்த அறைக்குள் தாமே அமர்ந்து மூச்சுத் திணறியவர் இவர். 1957-இல் இந்தியாவுக்கு வந்தவர், பின்னர் குடியுரிமையும் பெற்றார். 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். மாணவர்கள் பயிலுவதற்காகத் தம் உடலை, நம் ஏனாமுக்கு அருகிலுள்ள காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார்.